அம்மா அறை தேடிய நான்கு நாள்

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கும் அதே வளாகத்தில் இடம் கிடைத்தது. அப்போது எனக்கு இருபது வயது, அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிட்டு, "அடேயப்பா, ரெண்டு பேரும் ஒண்ணா காலேஜ் போனீங்களா?" என்பார்கள். இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். ஏன் இல்லை என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அம்மா எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் உதவியாளர். திரும்பி வரும் புத்தகங்களை இடம் பார்த்து அடுக்குவது, முத்திரை குத்துவது, கிழிந்த பக்கங்களை ஒட்டுவது, பத்திரிகை படிக்க வந்து தூங்கிப்போகும் பெரியவர்களைத் தட்டி எழுப்புவது என்று பதினெட்டு வருடமாக அதே வேலை. நூலகர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிறவர் முதல் மாதம் முழுக்க அம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை செய்வார். நூலகரின் நாற்காலிக்கும் அம்மாவின் ஸ்டூலுக்கும் நடுவே ஒரே ஒரு சான்றிதழ்தான் நின்றது. ஒரு வருட நூலக அறிவியல் படிப்பு. அதற்கு அவள் நான்கு வருடமாக விண்ணப்பம் போட்டு வந்திருக்கிறாள் என்பது, இடம் கிடைத்த அன்றுதான் எங்களுக்கே தெரியும்.

காத்திருப்போர் பட்டியலில் யாரோ வராமல் போனதால் வந்த இடம் அது. கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். புதன்கிழமை சாயங்காலம் அப்பா எனக்கு ஃபோன் செய்தார். அவர் லாரிகளுக்கு எடை போடும் நிலையத்தில் எழுத்தர். குரலில் அப்படியொரு உற்சாகத்தை நான் கேட்டதே இல்லை.

"உங்கம்மா காலேஜுக்கு வர்றா. சீனியருங்க எல்லாம் சேந்து ராகிங் கீகிங் பண்ணிடாதீங்க."

"வீட்டை யாருப்பா பாத்துக்கறது?"

"நானும் உன் தம்பியும் இல்லையா? ஒரு வருஷம் முட்டையா தின்னு ஓட்டிடுவோம். கடைசியில கூவாம இருந்தா சரி." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஹாஸ்டல்ல இடம் இல்லையாம். முப்பது வயசுக்கு மேல சேத்துக்க மாட்டாங்களாம். நீ பாத்து ஏதாவது பண்ணு பாப்பா" என்றார்.

எங்கள் ஊரிலிருந்து வளாகத்துக்கு ஆறு மணி நேரப் பேருந்துப் பயணம். தினமும் வந்து போக முடியாது. நான்கு நாளில் ஓர் அறை பிடித்தாக வேண்டும். வளாகத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த அறைகள் எல்லாம் வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விட்டிருந்தன.

ஒரு அறை மட்டும் போகவில்லை. அது என் வீட்டில் இருந்தது.

நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். கல்லூரி வாசலிலிருந்து பத்து நிமிட நடை. கீழே வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடை, முதல் மாடியில் அவர் குடும்பம், இரண்டாம் மாடியில் நாங்கள். என்னோடு இருந்தவர்களில் ஒருத்தி நெட்டை. ஆறடிக்கு ஓரிரு அங்குலம்தான் குறைவு. இன்னொருத்தியை டாக்டர் என்போம். படித்தது வணிகவியல்தான், ஆனால் யார் தும்மினாலும் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டுவாள். பெரிய அறையில் எங்கள் மூன்று கட்டில்கள். சமையலறையை ஒட்டிச் சின்னதாக இன்னோர் அறை. மழைக்காலத்தில் அங்கேதான் துணி காயப்போடுவோம். ஒரு பழைய மேசை, ஓடாத மின்விசிறி, எங்கள் காலிப் பெட்டிகள். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலும் அதற்கு இருந்தது.

அப்பா ஃபோனை வைத்ததும் நெட்டையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு? அம்மா இங்கயே இருக்கட்டும். ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எங்கம்மாவப் பத்தி உனக்குத் தெரியாது," என்றேன்.

உண்மையில் தெரிந்துகொள்ள அப்படி ஒன்றுமில்லை. அம்மா கடிந்து பேசுகிறவள் இல்லை, வேவு பார்க்கிறவளும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடங்களில் நான் வேறு ஆளாகியிருந்தேன். எத்தனை மணிக்கு வந்தாய், சாப்பிட்டாயா, யாரோடு போனாய் என்று யாரும் கேட்காத ஓர் இடம் எனக்கு வாய்த்திருந்தது. நாடகக் குழுவில் நடித்தேன். வீட்டில் சிரிப்பதைவிடச் சத்தமாகச் சிரித்தேன். நூலகப் படிகளில் என்னோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒருவன் இருந்தான். இனி அந்தப் படிகளில் அம்மாவும் ஏறி இறங்குவாள். எல்லார் முன்னாலும் 'பாப்பா' என்று கூப்பிடுவாள். எனக்கே எனக்கென்று கிடைத்திருந்த ஒரு துண்டு இடத்தில் அவள் பாய் விரித்துப் படுப்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

வியாழக்கிழமை காலையில், அம்மா வருவதற்கு முன், என் பெட்டியின் பூட்டை எடுத்து அந்த அறைக் கதவில் மாட்டினேன். நெட்டை பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தாள். வாயில் நுரை இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா மதியம் வந்து இறங்கினாள். ஒரு துணிப்பை, சான்றிதழ்கள் வைத்த ஒரு கோப்பு, காலைக் கடிக்கும் புதுச் செருப்பு. பைக்குள்ளிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். அட்டையில் தன் பெயரை எழுதிவிட்டு, வகுப்பு என்ற இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தாள். "சேந்தப்புறம் எழுதிக்கலாம்னு," என்றாள்.

வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். சமையலறைக்கு வந்ததும் பூட்டிய கதவைக் காட்டி, "இது என்ன ரூம்?" என்றாள்.

"ஓனரோடதும்மா. அவரு சாமான் போட்டு வச்சிருக்காரு. தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"ஓ," என்றாள் அம்மா. அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நெட்டை பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலமே தேடத் தொடங்கினோம். கல்லூரி வாசலில் அறிவிப்புப் பலகை உண்டு. அறை காலி என்று எழுதிய தாள்களின் அடியில் ஃபோன் நம்பரைச் சின்னச் சின்னதாக வெட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அநேகமாக எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒன்றில் மட்டும் நம்பர்கள் அப்படியே இருந்தன. அம்மா சந்தோஷமாகக் கிட்டே போய்ப் படித்தாள். தொலைந்துபோன பூனையைத் தேடுகிற அறிவிப்பு அது.

"பூனைக்கே வீடு இருக்கு பாரு," என்று சிரித்தாள்.

மறுநாள் ஒரு தரகரைப் பிடித்தோம். எதைக் கேட்டாலும் 'ஆயிடும்' என்பார். அதனால் மாணவர்கள் மத்தியில் அவருக்கு அதுவே பெயர். திங்கட்கிழமைக்குள் கிடைக்குமா? ஆயிடும். ஜன்னல் இருக்குமா? ஆயிடும். ஒரு ஸ்கூட்டரை உருட்டியபடி எங்களோடு தெருத்தெருவாக நடந்தார். மூன்று பேர் ஏற முடியாதல்லவா.

முதலில் கூட்டிப்போனது ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை. நான்கு கட்டில், மூன்றில் முதலாமாண்டுப் பெண்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள். ஒருத்தி எதையோ தலையணைக்கடியில் மறைத்தாள்.

"மேடம், நீங்க வார்டனா?"

"இல்லம்மா," என்றாள் அம்மா. "நான் உங்க பக்கத்து டிபார்ட்மென்ட். புதுசா சேரப்போறேன். ஒரு கணக்குக்கு உங்க கிளாஸ்மேட்."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மற்றவள் மரியாதையாக, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க சத்தமா பாட்டு வைப்போம், லைட் அணைக்கவே மாட்டோம். உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள். படி இறங்கும்போது அம்மா, "நல்ல பிள்ளைங்க. வேண்டாம்ங்கறத எவ்வளவு அழகா சொல்லுதுங்க" என்றாள்.

அடுத்தது ஒரு தனி வீட்டின் பின்கட்டு. வீட்டம்மா கதவைப் பாதி திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னிடம், "எந்த வருஷம்மா?" என்றார்.

"படிக்கப்போறது நான்ங்க," என்றாள் அம்மா.

அந்த அம்மாளின் முகம் மாறியது. "நாங்க படிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் குடுக்கறது."

"நானும் படிக்கிற பிள்ளைதானே?"

"உங்க வீட்டுக்காரர் எங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏதும் சண்டையா?"

அம்மா கோபப்படவில்லை. என் ஃபோனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போடச் சொன்னாள். லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அப்பா கத்தினார்: "சண்டையெல்லாம் இல்லைங்க! போட்டா நான்தான் தோப்பேன், அதனால போடறதே இல்ல! படிக்கட்டும்ங்க, நல்லாப் படிக்கறவ!"

வீட்டம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார், காற்றாடியைப் போட்டார், கால் மணி நேரம் அம்மாவோடு பேசினார். கடைசியில், "ஆனாலும் குடும்பப் பொம்பளை தனியா இருந்தா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க. எனக்கு எதுக்கும்மா வம்பு?" என்று அனுப்பிவைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஆயிடும் எங்களை இருசக்கர வாகனப் பட்டறை ஒன்றின் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பழைய டயர்களைத் தாண்டிப் போனால் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த சுவர். ஒரு மூலையில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. குளியலறை வெளியே, பட்டறை ஆட்களுக்கும் அதேதான்.

அம்மா சுவரோரம் போய்ச் சாணால் அளந்தாள். "கட்டில் இப்படிப் போட்டா, மேசை இங்க வரும். போதும் பாப்பா."

"இதுலயா? பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்லம்மா!"

"ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டா ஆச்சு. நான் என்ன இங்க குடித்தனம் பண்ணவா வந்தேன்? காலையில போனா சாயங்காலம் வரைக்கும் கிளாஸு. அப்புறம் லைப்ரரி. படுக்கத்தானே?"

"வேண்டாம்மா."

"ஒரு வருஷம்தானே பாப்பா."

நான் வெளியே வந்து, தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா அங்கே இருப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை, என்னோடு இருப்பதும் பொறுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே அவள் எங்கேதான் போவாள் என்று நான் யோசிக்கவில்லை. நாளைக்கு வேறு பார்க்கலாம் என்றேன். வழி முழுக்க அவள் புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தாள்.

அன்று வீட்டில் அம்மாதான் சமைத்தாள். டாக்டர் மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, நீங்க இங்கயே இருந்துடுங்க. நான் ஆயுசுக்கும் ஃப்ரீயா வைத்தியம் பாக்கறேன்" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

சனிக்கிழமை எனக்கு நண்பகல் வரை செய்முறை வகுப்பு. அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கக் காம்பு ஆடிக்கொண்டிருந்தது. கீழே கடையில் கொடுத்துச் சரி பண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவள் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி சரியாகியிருந்தது. மூன்று பேருடைய துணிகளையும் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

அதற்குப் பதில் சொல்லாமல், "உனக்கு இங்க வசதியா இருக்கா பாப்பா?" என்றாள்.

"ம்."

"சந்தோஷமா இருக்கியா?"

"ஏம்மா திடீர்னு?"

"சும்மாதான். கேக்கணும்னு தோணுச்சு."

சற்று நேரத்தில் ஆயிடும் ஃபோன் செய்தார். பட்டறை அறையை யாரோ காலையிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். "வேற பாக்கலாம். ஆனா திங்கக்கிழமைக்குள்ளன்னா…" என்று இழுத்தார். அந்த ஒரு தடவைதான் அவர் ஆயிடும் என்று சொல்லவில்லை.

ஒரு வாரம் தாமதமாகச் சேரலாமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்போமா என்றேன். "பாக்கலாம்," என்றாள் அம்மா. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகம் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அம்மா குளிக்கப் போனபோது நெட்டை என்னை வாசற்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னும் டைம் இருக்கு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா நான் வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிடுவேன்."

"உனக்கு ஒரே நாள்ல கிடைச்சுடும்," என்றாள் அவள். "உங்கம்மாவுக்குத்தான் கிடைக்காது."

அப்போதுகூட நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் தெருவில் இறங்கி, ஒரு காரணமும் இல்லாமல் கடைத்தெரு வரை நடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால் அம்மா குளித்துத் தலைவாரித் தயாராக இருந்தாள். துணிப்பை கட்டி முடித்திருந்தது.

"கிளம்பறேன் பாப்பா."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். படிப்பு லீவு இன்னும் சரியா சாங்ஷன் ஆகல. தம்பிக்கு வேற இந்த வருஷம் பரீட்சை. அடுத்த வருஷம்னா எல்லாம் நிதானமா ஏற்பாடு பண்ணிக்கலாம். என்ன இப்போ, காலேஜ் எங்கயாவது ஓடியா போயிடும்?"

எதையும் ஒளிக்காமல் சொல்வதென்றால், அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது நிம்மதிதான். மார்பின் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. "அப்படியாம்மா? உனக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணு," என்றேன். பேருந்து நிலையம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "நல்லாப் படி. வேளைக்குச் சாப்பிடு" என்றாள். பேருந்து நகர்ந்ததும் கையசைத்தேன். அவளும் அசைத்தாள். மதியம் வந்து பூட்டைக் கழற்றினேன். நெட்டை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா ஃபோனில் சொன்னார்: "உங்கம்மாவுக்குக் காலேஜ் பிடிக்கலையாம். எல்லாம் சின்னப் பிள்ளைங்களா இருக்குதாம்." அவர் குரலில் உற்சாகம் வடிந்திருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து என் படிப்பு முடிந்தது. வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்கக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் ஒரு சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அம்மா நல்லா இருக்காங்களா? எங்க தங்கிப் படிச்சாங்க? அப்புறம் இந்தப் பக்கம் காணவே இல்லையே."

"அவங்க சேரல, சார்."

அவர் நிமிர்ந்தார். "சேரலையா? என்னம்மா சொல்ற? அன்னைக்குக் கண்ணாடி சரி பண்ண வந்தப்ப ரூம் தேடி அலையறதாச் சொன்னாங்க. நான்தான் சொன்னேன், 'எதுக்கும்மா அலையறீங்க, உங்க பொண்ணு வீட்லயே சின்ன ரூம் ஒண்ணு சும்மா கிடக்கே, அவங்க வாடகையிலேயே சேர்ந்ததுதான், தாராளமா இருங்க'ன்னு. கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே நின்னாங்க. அப்புறம், 'வேணாம் சார், பிள்ளைங்க படிக்கிற இடம், நான் வேற பாத்துட்டேன்'னு சொன்னாங்க. பாத்துட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்!"

நான் சாவியை மேசைமேல் வைத்தேன். கடை முழுக்க, சுவரில் மாட்டிய மூக்குக்கண்ணாடிகள். அவர் இன்னும் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. அந்தப் பால்கனி மட்டும் கண்முன் நின்றது. எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான், நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று அவள் கேட்டிருக்கிறாள்.

அம்மா அடுத்த வருடமும் விண்ணப்பித்தாள். அந்த வருடம் அவர்கள் துறையில், நாற்பத்து நான்கு முடிந்தவர்களுக்குப் படிப்பு விடுப்பு கிடையாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் எங்கள் ஊருக்கு நிரந்தர நூலகர் வந்தார். என்னைவிட ஒரு வயது மூத்த பெண். அம்மாதான் அவளுக்கு எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி என்று வீட்டில் புகழவும் செய்தாள். ஓய்வு பெறும்வரை அம்மா உதவியாளராகவே இருந்தாள். பிரிவு உபசாரத்துக்கு நானும் போயிருந்தேன். பேச வந்த அதிகாரி வாய்தவறி, "நமது நூலகர் அம்மா அவர்கள்" என்று தொடங்கிவிட்டு, பக்கத்திலிருந்தவர் காதில் கிசுகிசுத்ததும், "மன்னிக்கவும், நூலக உதவியாளர்" என்று திருத்திக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நினைக்காத நாள் குறைவு. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது: என் கல்யாணம், தம்பிக்கு வேலை, அப்பாவின் ஆஸ்பத்திரி. குறுக்கே வர ஏதாவது கிடைத்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

போன வருடம் அம்மா என்னோடு ஒரு வாரம் இருக்க வந்திருந்தாள். நான் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று படுக்கையறை உள்ள வீடு. ஒரு மதியம் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். பெரிய விரிப்பு ஒன்றின் இரண்டு முனையை அவளும் இரண்டை நானும் பிடித்திருந்தோம். முகத்துக்கு நேரே துணி இருந்ததால்தானோ என்னவோ, சொல்ல வந்துவிட்டது.

"அம்மா, அந்தச் சின்ன ரூம் ஓனரோடது இல்ல."

விரிப்பு அசையாமல் நின்றது.

"தெரியும்," என்றாள்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். காலி பண்ணும்போது அவரு சொன்னாரு."

"அப்பவேவா?" அம்மா துணியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்கே கதை. எனக்குத் தெரியும்ங்கறது உனக்குத் தெரிஞ்சா நீ வருத்தப்படுவியேன்னு நான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஏம்மா அன்னைக்கே கேக்கல? கன்னத்துல நாலு அறை விட்டிருந்தாக்கூட…"

"கேட்டிருந்தா தொறந்திருப்ப. தொறந்துட்டு வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப. அதைப் பாத்துக்கிட்டே நான் எப்படிப் படிக்கறது?"

"ஒரு மாசத்துல பழகியிருப்பேன்மா."

"பழகியிருப்ப." அம்மா தலையை ஆட்டினாள். "எனக்கும் இப்போ அப்படித்தான் தோணுது. அன்னைக்கு ரோஷம் வந்துடுச்சு. பெத்த பொண்ணே பூட்டி வச்சப்புறம் கேக்கறதான்னு. கேட்டிருக்கணும். 'இந்தா, சாவியக் குடுடி'ன்னு கேட்டு வாங்கியிருக்கணும். படிப்புக்காகத்தானே? கேக்காம வந்தது என் தப்பு."

அவள் தன் தப்பு என்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எம்மேல கோவம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. பஸ்ஸுல போகப் போக ஏறிக்கிட்டே போச்சு. வீட்டுக்குப் போனதும் உங்கப்பாவும் தம்பியும் முட்டை பொரிக்கறேன்னு அடுப்பங்கரையை நாசம் பண்ணி வச்சிருந்தாங்க. அதைக் கழுவறதுல கோவம் போயிடுச்சு." சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "படிக்க முடியாமப் போச்சேங்கறது மட்டும் இருக்கு. அது போகல பாப்பா. போயிடுச்சுன்னு உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

"இப்போகூடத் தபால்ல படிக்கலாம்மா. நான் சேத்து விடறேன்."

"எதுக்கு? எந்த நாற்காலியில உக்கார?"

காற்றில் விரிப்பின் நடுப்பகுதி உப்பி அடங்கியது. என் கண் நிறைந்து அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும், சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை.

"மொனைய விட்டுட்ட பாரு, தரையில படுது. ஒழுங்காப் பிடி," என்றாள்.

குனிந்து எடுத்துப் பிடித்தேன். மடித்து முடித்ததும் அவள் அடுத்த துணியை எடுத்தாள்.